நான்கு விரல் ஆட்டம்

முன்சக்கரம் அசைவதற்குள்
ஸ்டியரிங் நான்கு விரற்கடை சும்மா திரும்பும்.
ஓட்டிப் பழகிய கைக்கு அது உறைக்காது.
ரோஸ்டவுன் தாண்டி ஏழாம் நெடுஞ்சாலையில்
மேற்குக் காற்று பக்கவாட்டில் அறைந்த அன்று
எதிரே வந்த தானிய லாரிக்காரன்
ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.
வீடு வந்து, எஞ்சினை அணைத்து,
விரல் வைத்து அளந்தேன்.

எண்பத்தெட்டாம் வருடத்து டாட்ஜ் கேம்பர்.
உள்ளே ஒரு படுக்கை, இரட்டை அடுப்பு,
எப்படிச் சாத்தினாலும் திறந்துகொள்ளும் அலமாரி.
விவாகரத்துப் பத்திரத்தில்
வீடு இருந்தது, கனோலா நிலம் இருந்தது,
பனி அள்ளும் இயந்திரம்கூட இருந்தது.
இதை மட்டும்
இரண்டு வக்கீல்களும் மறந்துவிட்டார்கள்.
ஒன்பது வருடமாக
கோடையில் எனக்கு, வேட்டைக் காலத்தில் ஓரெஸ்டுக்கு.
சாவி தபால்பெட்டி வழியாகக் கைமாறும்.

போனில் சொன்னேன்.
"பவர் ஸ்டியரிங் எண்ணெய் பார்த்தாயா, லெஸ்யா?"
பார்த்தேன்.
"டயரில் காற்று?"
முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளிடம்
கேட்கிற கேள்வியா இது.
"சரி, ஞாயிறு வருகிறேன்."

ஞாயிறு, மைனஸ் நாலு.
பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டியில் மல்லாந்து
அடியில் நுழைந்தான்.
வெளியே இரண்டு பூட்ஸ்.
"இடது."
திருப்பினேன்.
"வலது."
திருப்பினேன்.
"இன்னொரு தடவை."
குடித்தனம் நடத்திய காலத்தில்
இத்தனை தடவை அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

கியர் பெட்டியின் தலையில் ஒரு நட்,
அதன் நடுவே ஒரு திருகு.
நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று முடுக்கினான்.
முற்றத்தில் ஒரு வட்டம் ஓட்டினேன்.
ஆட்டம் போயிருந்தது.
ஆனால் கொட்டகையருகே இடப்பக்கம் ஒடித்த ஸ்டியரிங்
தானாக நேருக்கு வரவில்லை.
முரட்டுக் கழுதையை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டுவந்தேன்.
"அதிகமாக முடுக்கிவிட்டாய்."
"இல்லை."
"ஓரெஸ்ட்."
அரைக்கால் சுற்று தளர்த்தினான்.
ஸ்டியரிங் திரும்பி வந்தது.
கூடவே ஆட்டமும், மூன்று விரல்.

பிளாஸ்க் காப்பி ஆறிப்போயிருந்தது.
இருவரும் குடித்தோம், பேசாமல்.
"நீ மேலே உட்கார்," என்றேன்,
"நான் கீழே போகிறேன்."

கீழே கிரீஸும் குளிர்ந்த இரும்பும் மணத்தன.
எஞ்சினை ஓடவிட்டு அவன் திருப்பினான்,
இடது, வலது, நான் சொன்னபடி.
தண்டைப் பார்த்தேன், கைகளைப் பார்த்தேன், எதிலும் குறையில்லை.
பிறகு கண்ணில் பட்டது:
பெட்டிக்குள்ளே இல்லை ஆட்டம்,
பெட்டியே ஆடிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு திருப்பலுக்கும் சட்டத்தைவிட்டு
நகக்கண் அளவு நகர்ந்து, திரும்ப ஒட்டியது.
மூன்று போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு.
மூன்றாவது துளையிலிருந்து
பழைய தேநீர்க் கறைபோலத் துரு வழிந்திருந்தது.

"ஒன்றைக் காணோம்!" என்று கத்தினேன்.
எஞ்சின் நின்றது.
மேலே வெகுநேரம் சத்தமில்லை.
"பெட்டியைக் கழற்றி மாட்டினேனே," என்றான்,
"அப்போது ஒன்று புல்லில் விழுந்தது.
இரண்டு போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்
என்று நினைத்தேன்."
"எப்போது?"
"நீ போவதற்கு முந்தின கோடை."

அவன் டிரக்கில் ஒரு காப்பி டப்பா உண்டு.
அதற்குள் உலகத்திலுள்ள எல்லா போல்ட்டும் உண்டு.
ஏழாவதாக எடுத்தது பொருந்தியது.
நீளக் கைப்பிடி ஸ்பேனரால் நானே முடுக்கினேன்,
மற்ற இரண்டையும் சேர்த்து.
"போதும்" என்று அவன் சொல்லவில்லை.

அவனைச் சாலைமுனை வரை ஏற்றிப்போய்க் காட்டினேன்.
வழக்கமான காற்று, வழக்கமான லாரி.
டாஷ்போர்டில் மறந்து வைத்த ஸ்பேனர்
இத்தனை வருடமாக எல்லாம் உருண்ட அந்தப் பலகையில்
அப்படியே கிடந்தது.
நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு போனோம்.

திரும்பி வந்து அவன் இறங்கியபோது
சாவியை நீட்டினேன்.
வேட்டைக் காலம் தொடங்க இன்னும் ஒரு வாரம்.
"வைத்துக்கொள்," என்றான்,
"அந்த அலமாரிக் கதவை
அடுத்த ஞாயிறு பார்க்கிறேன்."
கதவில் எந்தக் கோளாறும் இல்லை,
தாழ் மட்டும்தான்.
அதை நான் சொல்லவில்லை.